டிரோம்சோவில் இரவு இல்லாத ஜூன்

நார்வேயின் வடகோடியில் உள்ள டிரோம்சோவுக்கு நான் ஜூன் மூன்றாம் வாரத்தில் போனது நள்ளிரவுச் சூரியனைப் பார்க்கத்தான். மே 20 வாக்கில் தொடங்கி ஜூலை 22 வாக்கு வரை இங்கே சூரியன் மறைவதே இல்லை. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனாலும் இரவு பதினொன்றரைக்கு ஒருவர் சாவகாசமாக வேலிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஊர் முழுவதையும் பார்க்க ஸ்டோர்ஸ்டைனன் என்ற 421 மீட்டர் உயர முகட்டுக்கு ஏற வேண்டும். நேபாள ஷெர்பாக்கள் அமைத்த 1,200 சொச்சம் கல்படிகள் இருக்கின்றன. நான் கேபிள் கார் கட்சி.

மேலே போனால், சூரியன் வடக்கில் நிற்கிறது! வெளிச்சத்தைவிட அந்தத் திசைதான் என்னைத் திணறடித்தது. தேர் நாலு வீதியும் சுற்றி வருவதைப் போல, சூரியன் நாள் முழுக்க ஊரைச் சுற்றி வருகிறது. நண்பகலில் தெற்கே 44 டிகிரி உயரம்; நள்ளிரவில் வடக்கே வெறும் 3 டிகிரி. அந்த 'நள்ளிரவு'கூடக் கடிகாரத்தில் 12.45. நார்வேயின் கோடை நேரம் இந்த ஊர்ச் சூரியனைவிட முக்கால் மணி முந்தி ஓடுகிறது.

எல்லாவற்றுக்கும் மூலம் பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதுதான். ஜூனில் வட துருவம் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கும். பூமி சுழலும்போது ஒவ்வொரு ஊரும் தன் அட்சரேகையில் ஒரு வட்டம் போடுகிறது. அந்த வட்டத்தில் எவ்வளவு வெளிச்சத்தில் விழுகிறதோ, அதுதான் அந்த ஊரின் பகல். நிலநடுக்கோட்டில் எப்போதும் சரிபாதி. சென்னை 13 டிகிரியில் இருப்பதால் ஜூனில் பகல் 13 மணி நேரத்தை நெருங்கும், டிசம்பரில் பதினொன்றே கால் சொச்சம். நமக்கு இது உறைப்பதே இல்லை. டில்லிக்கு ஜூனில் 14 மணி, ஆஸ்லோவுக்கு ஏறக்குறைய 19. அறுபத்தாறரை டிகிரியைத் தாண்டினால் வட்டம் முழுவதுமே வெளிச்சத்துக்குள் வந்துவிடுகிறது. டிரோம்சோ 69.6 டிகிரி.

சூரியனுக்குப் பக்கத்தில் போவதால்தான் கோடை வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஜூலைத் தொடக்கத்தில்தான் பூமி அதிக தூரத்தில், 15.2 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது.

விடுதி அறையின் கறுப்புத் திரையை எப்படி இழுத்தாலும் ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வந்தது. காபிக் கடை அம்மாவிடம் புலம்பினேன். "கோடையில் தூக்கம் வராது, குளிர்காலத்தில் தூக்கம் விடாது" என்றார்.

இந்தக் கடனைக் குளிர்காலம் வசூலித்துவிடும். நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதில்லை. மதியம் சில மணி நேரம் நீல வெளிச்சம் மட்டும். அதன் பிறகும் தெற்கு மலைகள் மறைப்பதால், ஜனவரி 21 வாக்கில்தான் ஊருக்குள் சூரியன் தெரியும். அன்று ஊரே 'சோல்போல்லர்' என்ற ஜாம் வைத்த பன்னை வாங்கித் தின்கிறது. ஜூனில் போன எனக்கு அது கிடைக்கவில்லை.