நரியின் மூக்கு

இன்று அருங்காட்சியகத்தில் ஒரு நரியின் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன்.

மூக்கு நுனியில் ஈரம். இப்போதுதான் எதையோ மோப்பம் பிடித்தது போல.

அது ஈரம் இல்லை, வார்னிஷ். மூக்கு காய்ந்தால் சுருங்கி நிறம் போய்விடும். அதனால் வண்ணம் பூசி மினுக்கு ஏற்றுகிறார்கள். கண்கள் கண்ணாடி. தோலும் ரோமமும்தான் நரியுடையவை.

ஒரு காலத்தில் தோலுக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்தார்கள். இறந்த விலங்குகளைப் பாடம் செய்யும் கலைஞரான கார்ல் ஏக்லி தசைகளைக் களிமண்ணில் வடித்து, அச்செடுத்து, அந்த உருவத்தின் மேல் தோலைப் போர்த்தினார். நியூயார்க் அருங்காட்சியகத்தில் 1936இல் திறந்த விலங்குக் கூடத்துக்கு அவர் பெயர்தான்.

உயிருள்ள நரியை மணிக்கணக்கில் பார்க்காத கைக்கு இந்த மூக்கு வராது.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். ஒரு காது மட்டும் லேசாக வாசல் பக்கம் திரும்பியிருந்தது.