வாசலுக்கு வெளியே உள்ள நடைபாதை

பனி பெய்யும் ஊர்களில் நடைபாதை குறித்த கடமையை வீட்டு உரிமையாளருக்கு வானிலையே நினைவூட்டிவிடுகிறது. இரவில் கொட்டிய பனி காலையில் வாசலை மறித்துக் கிடக்கும். குறிப்பிட்ட நேரத்துக்குள் அதை அகற்ற வேண்டும் என்று அங்குள்ள பல நகராட்சிகள் விதியும் வைத்திருக்கின்றன. வெப்பமான பகுதிகளில் ஒரே இரவில் பாதை மறைந்துபோவதில்லை. செடியும் வேரும் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக வளர்வதால், தினமும் கடந்துபோகிறவரின் கண்ணுக்கு அந்த மாற்றம் படுவதேயில்லை.

சுற்றுச்சுவரைத் தாண்டித் தொங்கும் காகிதப்பூக் கொடியையே எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவருக்கு அது அழகு. வெளியே நடப்பவருக்கு முள். பார்வையற்றவரின் வெண்கோல் தரையை ஒட்டியே துழாவிச் செல்வதால், மார்பு உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை அவர் மேல் பட்ட பிறகுதான் தெரியவரும். தடையின்றி நடப்பதற்கு குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் வேண்டும் என்று சாலைகளுக்கான தரநெறிகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரசின் நெறிமுறை கூறுகிறது. வெயிலில் அண்ணாந்து பார்த்து, 'தலையில் இடிக்கவில்லை' என்று திருப்திப்பட்டுக்கொள்வது போதாது. மழையில் நனைந்த கிளை பாரம் தாங்காமல் நன்றாகவே தாழ்ந்துவிடும்.

வேர் விஷயம் இன்னும் சிக்கலானது. காங்கிரீட் தளத்துக்கு அடியில் ஈரம் தங்குவதால் பக்கவேர்கள் அதை நாடி மேலாகவே ஓடுகின்றன. பிறகு அவை பருக்கும்போது தளத்தின் ஒரு விளிம்பு மேலே எழும்புகிறது. அரை அங்குல மேடு பார்வைக்கு அற்பமானதுதான், ஆனால் காலை இழுத்து நடக்கும் முதியவரைத் தடுக்கி விழவைக்க அதுவே போதும். சக்கர நாற்காலியின் சிறிய முன்சக்கரமும் அதில் முட்டி நின்றுவிடும். இதற்காக உரிமையாளர் தாமே கோடரியை எடுத்து வேரை வெட்டுவது சரியல்ல. தாங்கிநிற்கும் வேரை இழந்த மரம் அடுத்த காற்றில் சாயக்கூடும். மரம் நகராட்சியுடையதானால் படத்துடன் எழுத்து மூலம் தெரிவித்துவிடுவதே முறை.

தோட்டத்துக்குப் பாய்ச்சும் நீரும் ஏசியிலிருந்து சொட்டும் நீரும் ஒரே இடத்தில் விழுந்துகொண்டிருந்தால், நிழலான பக்கத்தில் பாசி பிடித்து வழுக்கும். இதற்கு ஒரு குழாயைத் திருப்பிவிட்டால் போதும்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறுகிறது. கலிபோர்னியாவில் வீதிகள் மற்றும் நெடுஞ்சாலைச் சட்டத்தின் 5610ஆம் பிரிவு, மனையை ஒட்டிய நடைபாதையைப் பராமரிக்கும் பொறுப்பை மனை உரிமையாளரிடம் விடுகிறது. ஆனால் அங்கே ஒருவர் விழுந்து காயமடைந்தால் இழப்பீட்டுக்கும் உரிமையாளரே பொறுப்பாவார் என்று அந்தப் பிரிவை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த மாநிலத்தின் சான் ஹோசே போன்ற நகரங்கள் இழப்பீட்டையும் உரிமையாளர் மேல் சுமத்துவதற்கெனத் தனி விதியே இயற்றியிருக்கின்றன. ஆகவே உரிமையாளர்கள் தங்கள் ஊரின் விதியில் பராமரிப்பு யாருடையது, இழப்பீடு யாருடையது என்ற இரண்டையும் தனித்தனியே கேட்டறிய வேண்டும்.

இயற்கையால் வரும் இந்தத் தடைகளைக்கூட நான் ஓரளவு மன்னிப்பேன். காரை ஏற்றுவதற்காக நடைபாதையின் குறுக்கே சாய்தளம் கட்டுவதும், மிச்ச இடத்தில் கம்பிவேலி போட்டுத் தொட்டிச் செடி வளர்ப்பதும் தெரிந்தே செய்யும் ஆக்கிரமிப்பு. அவற்றைப் பராமரிப்புக் குறை என்று அழைப்பதே அதிகப்படியான மரியாதை.