குசினிச் சுவரில் நின்ற ஈர்க்கு

போன மாதம் விசுவமடுப் பக்கம் ஒரு வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போயிருந்தேன். குசினிச் சுவரில் ஒரு 13 அம்பியர் பிளக் பொயின்ற். அதன் மேல் துளைக்குள் ஈர்க்குத் துண்டு ஒன்று முறிந்துபோய் நின்றது. கீழ்த் துளை இரண்டிலும் சுவிஸிலிருந்து வந்த கிரைண்டரின் உருண்டைப் பின்கள். "ஈர்க்கு வைச்சுத் தள்ளினாத்தான் தம்பி பிளக் உள்ள போகுது" என்றார் அந்த வீட்டு அம்மா. மூன்று வயதுப் பேரன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. இன்றைக்கு ஈர்க்கு, நாளைக்கு அந்தப் பிள்ளையின் கையில் ஆணி.

நான் வளர்ந்த காலத்தில் எங்கள் பக்கம் கறண்டே இல்லை. குப்பி விளக்கில் படித்தோம். றேடியோ கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். சண்டை முடிந்து கம்பி இழுத்த பிறகுதான் வீடுகளுக்குள் பிளக் பொயின்ற் வந்தது. அதில் குத்துகிற சாமான்களோ லண்டன், கனடா, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி என்று சொந்தக்காரர் இருக்கிற இடமெல்லாம் இருந்து பெட்டி பெட்டியாக வந்தன. வன்னியில் ஒரு வீட்டு அலுமாரியைத் திறந்தால் ஐந்து நாட்டுப் பிளக்கைக் காணலாம். நான் தொழில் பழகியதே அந்த அலுமாரிகளில்தான் என்று சொல்லலாம்.

அந்த ஈர்க்கு போன துளைக்கு ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள்ளேயே, இனிக் கட்டப்போகும் வீடுகளுக்கு எப்படி வயரிங் செய்வது என்று பிரித்தானியாவில் ஒரு குழு யோசித்து, 1944இல் அறிக்கை கொடுத்தது. அந்தக் குழுவில் இருந்த ஒரே பெண் கரோலைன் ஹாஸ்லெட். சின்னப் பிள்ளைகள் துளைக்குள் எதையாவது விட்டாலும் ஒன்றும் ஆகக்கூடாது என்பதும் அந்தக் குழுவின் கணக்கில் இருந்தது. 1947இல் வந்த சதுரப் பின் பிளக்கின் தரத்தில் அது கதவாக வந்தது. கறண்ட் வரும் இரண்டு துளைகளுக்கும் உள்ளே ஒரு மூடி. மேல் துளைக்குள் போகும் நீளமான ஏர்த் பின், அதாவது கசிகிற கறண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் பின், முதலில் உள்ளே போய்த் தள்ளினால்தான் அது திறக்கும். பிள்ளைகளுக்காக வைத்த கதவை நாங்கள் ஈர்க்கால் திறந்து வைக்கிறோம்.

அந்தப் பிளக்கைக் கழற்றிப் பார்த்திருக்கிறீர்களா? நடு ஆணியைச் சுழற்றி மூடியை எடுத்தால் மண்ணிற வயர் பியூஸ் பக்கம், நீலம் எதிர்ப் பக்கம், பச்சை மஞ்சள் மேலே. பழகின கை பச்சை மஞ்சளை மற்ற இரண்டையும் விட நீளமாக விட்டுத்தான் பூட்டும். யாராவது வயரைப் பிடித்து இழுத்தாலும் கடைசியாகக் கழலுவது ஏர்த்தாக இருக்க வேண்டும் என்பதற்காக. பியூஸிலும் நிறம் உண்டு: சிவப்பு 3 அம்பியர், மண்ணிறம் 13. பியூஸைப் பிளக்குக்குள்ளேயே வைத்ததற்கும் காரணம் இருக்கிறது. செம்பை மிச்சம் பிடிக்க, பொயின்ற்றுகளை வளையமாகச் சுற்றி 30 அம்பியர் பியூஸ் ஒன்றிலேயே போடும் முறையை அவர்கள் எடுத்தார்கள்; இப்போது அந்த இடத்தில் 32 அம்பியர் பிரேக்கர். கிரைண்டரின் மெல்லிய வயர் உருகும்போது அவ்வளவு பெரிய பிரேக்கர் அசையாது. ஈர்க்கு வைத்துக் குத்தும் இரண்டு பின்னில் பியூஸும் இல்லை, ஏர்த்தும் இல்லை.

ஐரோப்பாப் பிளக் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஜேர்மன் 'சுக்கோ' எனக்கு நிரம்பப் பிடிக்கும். பொயின்ற்றே குழிவாக இருக்கிறது, பின்கள் பாதி வெளியே நிற்கும்போது விரல் படவே இடமில்லை. ஏர்த் தகடு இரண்டு பக்கத்திலும் முதலே தொட்டுவிடும். பிரான்ஸில் ஏர்த் பின் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். சுவிஸில் மூன்றும் உருண்டைப் பின், நடுப் பின் கொஞ்சம் ஒதுங்கி நிற்கும். அவுஸ்திரேலியாவில் தட்டைப் பின்கள் கூரை போலச் சரிந்திருக்கும். ஒவ்வொன்றும் அதனதன் சுவருக்குச் சரி. சுவர் மாறும்போதுதான் பிரச்சினை.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் கனடாச் சாமான்தான். அங்கே 120 வோல்ற், இங்கே 230. கடையில் வாங்கும் அடப்டர் பின்னின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், வோல்ற்றைத் தொடாது. தர்மபுரத்தில் ஒரு வீட்டில் கனடா ரைஸ் குக்கரை அப்படிக் குத்தி, அரிசி வேகுமுன் அடி கருகிக் குசினி முழுக்கப் புகை. வோல்ற் இரண்டு மடங்கானால் சூடு கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதற்கு வோல்ற்றைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர் வேண்டும், அதுவும் குக்கர் இழுக்கிற வாற்றைத் தாங்குகிற அளவில். சாமானின் அடியில் இருக்கிற சின்ன எழுத்தை வாசியுங்கள். '100-240' என்றிருந்தால் பயமில்லை, போன் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

பழைய வீடுகளில் உருண்டைப் பின் 5 அம்பியர், 15 அம்பியர் பொயின்ற்றுகள் இன்னமும் இருக்கின்றன. இலங்கையில் இப்போது 13 அம்பியர் சதுரப் பின்தான் தரம். மெல்ல மெல்ல மாற்றிக்கொள்வது நல்லது. இன்னொன்றும் உண்டு. ஆவணியில் எங்கள் மண் காய்ந்து வெடிக்கும்போது ஏர்த் கம்பியைச் சுற்றிய மண்ணும் காயும், தடை கூடும். அதனால் நான் கம்பியை எப்போதும் கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற பக்கமாகத்தான் அடிப்பேன். கறண்ட் கசிந்தால் உடனே அறுத்துவிடும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் வேலையை முடித்துக் கொடுப்பதும் இல்லை.

அந்த வீட்டில் மெயினை நிற்பாட்டி, குறட்டால் ஈர்க்கை இழுத்து எடுத்தேன். மூடி வளைந்திருந்தது, பொயின்ற்றையே மாற்றினேன். கிரைண்டரில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட அடையாளம் இருந்தது. இரட்டைக் காப்பு, ஏர்த் தேவையில்லை. பழைய பிளக்கை வெட்டிவிட்டு, சிவப்புப் பியூஸோடு 13 அம்பியர் பிளக் பூட்டினேன்.

அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வயர் ரெண்டுதானே தம்பி, பிறகு ஏன் இதுக்கு மூண்டு கால்?"

"மேல் கால் கதவு திறக்கிறதுக்கு அம்மா. பிளக்கை இழுத்தா கதவு தானாப் பூட்டிக்கொள்ளும்."

அவர் குத்தினார், இழுத்தார், திரும்பவும் குத்தினார். பிறகு முறிந்த ஈர்க்கைப் பேரனின் கையிலிருந்து வாங்கி அடுப்புக்குள் போட்டார்.