சனிக்கிழமை வீடு

மே 10, சனி

யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்கு வடக்கே, இருபது வருடத்துக்கு மேல் இராணுவக் கம்பிவேலிக்குள் கிடந்து பிறகு விடப்பட்ட வளவு. பற்றையை வெட்டியதும் பழைய கிணற்றுக்கட்டு தெரிந்தது. வீட்டுக்கார அக்கா அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார். 1990இல் இடம்பெயர்ந்தபோது அவருக்குப் பத்து வயது.

அவருக்கு வீடு கட்டிக் கொடுக்க மாதர் சங்கத்திலிருந்து பதினொரு பேர் வந்தோம். ரீச்சர் அக்கா, தைக்கிற இருவர், தோட்டக் கூலிக்குப் போகிற நால்வர், கம்பஸ் பிள்ளைகள் மூவர், நான். ஆண் என்றால் மேசன் அண்ணை ஒருவர்தான். பாதிக் கூலிக்கு வருகிறார். அதோடு எங்களுக்கும் வேலை பழக்க ஒப்புக்கொண்டார்.

செம்மண் இரண்டடிதான், அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல். அலவாங்கு பட்ட இடமெல்லாம் கணீர் என்றது. மத்தியானத்துக்குள் என் இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துவிட்டன.

மே 17, சனி

மூலைமட்டம் பிடித்தோம். ஒரு பக்கம் மூன்றடி, மற்றப் பக்கம் நாலடி, குறுக்கே நூல் சரியாக ஐந்தடி வந்தால் மூலை சரி. ரீச்சர் அக்கா இருபத்தைந்து வருடமாகக் கரும்பலகையில் எழுதிய கணக்கு இது. நூலைப் பிடித்துக்கொண்டு நின்ற அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

தேத்தண்ணி நேரத்தில் பேச்சு எங்கெங்கோ போனது. 1991இல் அமெரிக்காவின் சார்லட் நகரத்தில் பெண்களே சேர்ந்து ஒரு வீட்டைக் கட்டி முடித்தார்களாம். ஹபிடாட் என்ற வீடமைப்பு நிறுவனத்தின் பெண்கள் கட்டும் திட்டம் அதிலிருந்துதான் வளர்ந்தது என்று ஒரு கம்பஸ் பிள்ளை சொன்னாள். "அவையளுக்கும் கை கொப்பளிச்சிருக்கும் என்ன பிள்ளை?" என்று கேட்டார் தோட்டத்துக்குப் போகிற அக்கா ஒருவர்.

மே 24, சனி

ஏன் இந்த அக்காவுக்கு இதுவரை வீடு கிடைக்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். எழுதி வைக்கிறேன்.

1995 இடப்பெயர்வில் வன்னிக்குப் போனார். அங்கேதான் கலியாணம். 2009இல் கணவர் காணாமல் போனார். அதன் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்கு கிழக்குக்கு 46,000 வீடுகள் ஒதுக்கினார்கள். வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா, வேலை நடக்க நடக்கக் கட்டம் கட்டமாக வரும். ஆனால் பட்டியல் எடுத்த காலத்தில் இவர் காணி விடப்படவில்லை. காணி இல்லாதவர் எங்கே கட்டுவது?

காணி கிடைத்த பிறகு வேறொரு சிக்கல். இது தாய்வழி வந்த சீதனக் காணி, உறுதி அக்காவின் பெயரில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வீடு வளவு பெண்ணுக்குப் போவது, 1707இல் ஒல்லாந்தர் தேசவழமை என்ற யாழ்ப்பாண வழமைச் சட்டத்தை எழுதி வைப்பதற்கும் முந்திய வழக்கம். ஆனால் அந்த வழமைக்குள் வருகிற கலியாணமான பெண் தன் காணியை ஈடுவைத்துக் கடன் எடுக்கக் கணவனின் சம்மதம் வேண்டும். கணவர் எங்கே என்று பதினாறு வருடமாகத் தேடுகிறவரிடம் கையெழுத்து வாங்கி வா என்றால்? மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம்தான். அதற்கும் காசும் அலைச்சலும் வேண்டும். காணாமற்போனவர்களின் குடும்பத்துக்கு 2016இல் வந்த சட்டப்படி தனிச் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அக்கா அதை எடுக்கவில்லை. எடுத்தால் தேடுவதை விட்டுவிட்டதாக ஆகிவிடுமோ என்று பயப்படுகிறார். அந்தப் பயத்தை விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 6, வெள்ளி

இன்று கதவு நிலை வைத்தோம். இதை நீளமாகவே எழுதப்போகிறேன்.

நேற்று ஒழுங்கையில் ஒரு பேச்சு ஓடியது. நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைக்கிறது சுமங்கலியாக இருக்க வேண்டும், வேறொருத்தரை வைக்கச் சொல்லுங்கோ என்று. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள், அது தெரியும். ஆனால் அந்த அக்கா தன்னை விதவை என்று ஒருநாளும் சொன்னதில்லை. பொட்டை அழிக்கவும் இல்லை. சனம் அவருக்கு இரண்டு பெயரும் வைக்காமல் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறது.

நான் இரவு முழுக்க யோசித்தேன். காலையில் சங்கத் தலைவி அம்மா ஒன்றும் பேசாமல் குங்குமத் தட்டை அக்காவின் கையில் கொடுத்தார். அக்கா என்னைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். கை நடுங்கியது. மூன்று பொட்டு வைத்தார், மூன்றாவது கொஞ்சம் வழிந்துவிட்டது. மேசன் அண்ணை, "சரி, பிடியுங்கோ" என்று நிலையைத் தூக்கினார். மாவிலை கட்டினோம். பேச்சைத் தொடங்கிய மாமியும் வந்திருந்தார், கற்பூரம் கொளுத்தினது அவர்தான்.

யார் வைத்தால் என்ன என்று நான் நினைக்கவில்லை. அவர்தான் வைக்க வேண்டும் என்றே நினைத்தேன்.

ஜூன் 21, சனி

மணல் வரவில்லை. அனுமதிப் பத்திரம் இருந்தும் உழவு இயந்திரம் கிடைக்கவில்லை. அரிந்து வைத்த கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பினோம்.

ஜூலை 5, சனி

கிழக்குச் சுவர் பிழைத்துவிட்டது. சோளகம் நாள் முழுக்க அடித்தது, தூக்குக்குண்டு ஒரு இடத்தில் நிற்கவில்லை. நானும் இன்னொருவரும் கண்மதிப்பில் நாலு வரி கட்டிக்கொண்டு போய்விட்டோம். பின்னேரம் மேசன் அண்ணை வந்து குண்டைக் கையால் அமர்த்திப் பிடித்துப் பார்த்தார். முக்கால் இஞ்சி வெளியே சாய்ந்திருந்தது. பூச்சில் மறைக்கலாமா என்று கேட்டேன். "பூச்சு பிழையை மறைக்கும் தங்கச்சி, பாரத்தைத் தாங்காது" என்றார்.

சாந்து இறுகுவதற்கு முன் நாலு வரியையும் கழற்றினோம். கல்லுகளைக் கழுவி எடுத்தோம், சாந்து வீண். 2022இல் ஒரு பை சீமெந்து மூவாயிரத்தைத் தாண்டி நின்ற காலத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். சாந்தைக் கொட்ட எனக்குக் கை வரவில்லை.

திரும்பக் கட்டியது தோட்டக் கூலிக்குப் போகிற அக்கா ஒருவர். முன்பு பதினைந்து வருடம் கட்டிட வேலையில் தாச்சி சுமந்தவர். ஆனால் சாந்தகப்பையை அவர் கையில் இதுவரை ஒருவரும் கொடுத்ததில்லை. எப்படிச் சாந்து போட வேண்டும், எந்தக் கல்லைத் திருப்பி வைக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்தே பழகியிருக்கிறார். இருட்டுவதற்குள் நாலு வரியும் நேராக நின்றன. மேசன் அண்ணை குண்டு பிடித்துப் பார்த்துவிட்டு, வேறு இடத்தில் வேலை இருக்கிறது, மேசன் கூலிக்கே வாறீங்களோ என்று கேட்டார். அக்கா உடனே பதில் சொல்லவில்லை.

ஜூலை 19, சனி

சுவரைத் திரும்பக் கட்டிய அக்கா அந்த மேசன் வேலைக்குப் போய்விட்டார். மேசன் கூலிதான் கொடுத்தார்களாம், நானே கேட்டு உறுதிப்படுத்தினேன். எங்களுக்கு ஒரு ஆள் குறைவு. பரவாயில்லை.

ஓகஸ்ட் 9, சனி

பனை வளை ஏற்றினோம். வைரம் பாய்ந்த மரம், தோள் இன்னும் வலிக்கிறது. மகள் சாரத்தில் ஏறி நின்று சிலாகைக்கு ஆணி அடித்தாள். கீழே நின்று பார்த்த தாய் ஒருமுறைகூட "இறங்கு" என்று சொல்லவில்லை.

ஓகஸ்ட் 30, சனி

ஓடு போட்டாயிற்று. ஆவணிக்குள் குடிபூரல். பின்னேரம் எல்லோரும் போன பிறகு வீட்டுக்கார அக்கா சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். கிழக்குச் சுவரில் நின்று, "இதில கழட்டிக் கட்டின வரி எது?" என்று கேட்டார். நானும் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த சனி மலசலகூடக் குழி. கிணற்றிலிருந்து முடிந்தளவு தூரம் தள்ளி வெட்ட வேண்டும், சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் அழுக்கு சுலபமாக ஊறிக் கிணற்றுக்கு வந்துவிடும். இரண்டு அலவாங்கு தேவை. இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.