அரங்கைக் காலி செய்தபோது

செங்கோட்டை வீட்டை விற்று ஏழு வாரம் ஆகிறது. எர்ணாகுளம் பிளாட்டில் எல்லாப் பெட்டிகளையும் பிரித்தாகிவிட்டது, இரண்டு தவிர. இதற்கிடையில் வீட்டை விற்கும் யோசனையில் இருக்கும் தோழிகள் இரண்டு பேர் "எங்கேருந்து ஆரம்பிச்ச?" என்று கேட்டார்கள். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டில் அதிக காலம் புழங்கியவர் யாரோ அவரைப் பக்கத்தில் உட்காரவைக்காமல் ஒரு சாமானைக்கூட வெளியே எடுக்காதீர்கள். நான் எடுத்தேன்.

எங்கள் வீடு தாத்தா கட்டியது. திண்ணை, தார்சா என்கிற முன் தாழ்வாரம், பட்டாசல் என்கிற கூடம், அதற்குப் பின்னால் அரங்கு என்கிற ஜன்னலே இல்லாத உள்ளறை, அப்புறம் அடுக்களை, புறவாசலில் கிணறு. என் வீட்டுக்காரருக்கு மூன்று வருடமாகக் கொச்சியில் வேலை. வாராவாரம் பாலருவி எக்ஸ்பிரஸில் வந்து நடுராத்திரி தாண்டி இறங்குவார், தூங்கி எழுந்தால் பாதி லீவு போயிருக்கும். பெரியவளுக்கும் அங்கேயே காலேஜ் கிடைத்ததும் எல்லோருமாகப் போய்விடலாம் என்று முடிவாயிற்று. அம்மாவும் சரி என்றாள். அம்மா புனலூரில் பிறந்து எட்டாவது வரை மலையாளத்தில் படித்தவள், மொழி அவளுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. அப்பா இறந்து ஆறு வருடம், வீட்டுக்கு வாரிசு அம்மா, நான், தம்பி மூன்று பேர்.

தரகர் அண்ணாச்சி கூட்டிவந்த முதல் இரண்டு பார்ட்டியும் பட்டாசலைத் தாண்டவில்லை. கட்டில் மேல் மெத்தை, மெத்தை மேல் துணி மூட்டை, சுவர் ஓரமாக ஓடாத கிரைண்டர், பரண் முழுக்கத் தட்டுமுட்டு. "வீடு இருட்டா இருக்கே" என்றார்கள். இருட்டு வீட்டில் இல்லை, நாங்கள் அடைத்து வைத்திருந்ததில் இருந்தது. அண்ணாச்சி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "முதல்ல எடத்த ஒழிச்சுப் போடுங்கம்மா, அப்புறம் வெலையப் பேசலாம்." அதில் அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பின்னால் ஒழித்து வெள்ளையடித்தபோது அதே பட்டாசல் ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரிந்தது. சாரல் தொடங்கிவிட்டால் ஓட்டில் எங்கெங்கே ஒழுகும் என்று எங்களுக்கே தெரியாது, ஆடி பிறந்தால் யாரும் பத்திரம் பண்ண மாட்டார்கள். எனவே வைகாசிக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் வேறு.

அம்மா இருந்தால் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு கதை சொல்வாள், வேலை நகராது என்று நினைத்து, அவளைத் திருவனந்தபுரத்தில் தம்பி வீட்டுக்கு நான்கு நாள் அனுப்பினேன். ஆள் வைத்து மூன்று நாளில் பரணையும் அரங்கையும் காலி செய்துவிட்டேன். பழைய பேப்பர், இரும்பு, தகரம் எல்லாம் எடைக்குப் போனது. துணியைப் பிரித்துக் கொடுத்தாயிற்று. கடைசி நாள் அரங்கில் நூறு வாட்ஸ் பல்பைப் போட்டு, வெறும் தரையைப் பார்த்து, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அம்மா வந்து அரங்கு வாசலில் நின்றாள். உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ள, உத்தரத்துக்கு மேல சொருகியிருந்த தகரக் குழல் எங்க?" என்றாள். எனக்கு அப்படி ஒன்றைப் பார்த்த ஞாபகமே லேசாகத்தான் இருந்தது. துருப்பிடித்து, மூடி இறுகி, கை நீளத்துக்கு ஒரு குழாய். தகரத்தோடு தகரமாகப் போட்டிருந்தோம். "அதுல என்ன?" என்றேன். "வீட்டு ஆதாரம்."

எங்கள் பக்கம் பழைய ஆட்கள் பத்திரத்தை ஆதாரம் என்றுதான் சொல்வார்கள். பீரோவில் அப்பா ஃபைல் போட்டு வைத்திருந்ததே எல்லாம் என்று நான் நம்பியிருந்தேன். எடுத்துப் பார்த்தால் அதில் இருந்தது பட்டா, வீட்டுத் தீர்வை ரசீதுகள், கரண்ட் கார்டு, அவ்வளவுதான். தாத்தாவுக்கு அப்பா ஒரே பிள்ளை, அதனால் பாகப்பிரிவினையும் கிடையாது. வில்லங்கச் சான்று போட்டால் எங்கள் மனைக்கு ஒரு பதிவும் வராது, ஏனென்றால் தாத்தா காலத்துப் பத்திரத்துக்குப் பிறகு யாரும் விற்கவும் இல்லை, அடமானம் வைக்கவும் இல்லை. மொத்த வீட்டுக்கும் மூலப் பத்திரம் அந்தக் குழலில் இருந்த ஒன்றுதான். தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, பேப்பரில் விளம்பரம் போட்டு, கிடைக்கவில்லை என்று சான்று வாங்க வேண்டும். பேங்க் கடனில் வாங்க வருகிறவர் அதைக் கேட்டதும் பின்வாங்கினாலும் பின்வாங்கலாம்.

மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்னால் பழைய இரும்புக் கடை வாசலில் நின்றேன். நல்ல மனுஷர். லோடு இன்னும் ஏற்றவில்லை என்றார், தகரக் குவியலைக் காட்டினார். அவரும் அவர் மகனும் நானுமாக ஒன்றரை மணி நேரம் தேடினோம். நசுங்கின எண்ணெய் டின்களுக்கு அடியில் கிடந்தது. மூடியைக் கடைக்காரரே ஸ்பானரால் தட்டித் திறந்தார். உள்ளே சுருட்டி வைத்த தடித்த தாள், மேலே திருவிதாங்கூர் சங்கு முத்திரை. ஓரம் மட்டும் பொரிந்திருந்தது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டை நம்மோடு இல்லை, முதலில் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். மொழிவாரியாகப் பிரித்தபோதுதான் திருநெல்வேலி ஜில்லாவோடு சேர்ந்தது, இப்போது தென்காசி மாவட்டம். எங்கள் பத்திரத்தில் தேதி கொல்லம் ஆண்டு 1119 மீன மாதம் என்று இருக்கிறது, அதாவது 1944 மார்ச், ஏப்ரல் வாக்கு, சித்திரைத் திருநாள் மகாராஜா காலம். முழுக்க மலையாளக் கையெழுத்து. வாங்க வந்தவருடைய வக்கீலுக்குப் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தார்சாவில் வெளிச்சம் விழும் இடத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். படிக்கப் படிக்கத் தமிழில் சொன்னாள். விலை ரூபாயிலும் சக்கரத்திலும் எழுதியிருந்தது. திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம் என்று அவளுடைய அப்பா சொல்லிக்கொடுத்தாராம். அப்புறம் நான்கெல்லை வந்தது. தெற்கே வாய்க்கால், அது இப்போது தெருவின் சிமெண்ட் சாக்கடை. வடக்கே ஒரு புளியமரம். அந்த மரத்தை நான் பார்த்ததே இல்லை, ஆனால் பக்கத்து வீட்டு மதினி இன்றைக்கும் எங்கள் மதிலை ஒட்டிய மூலையைப் "புளியடி" என்றுதான் சொல்வார். ஐம்பத்திரண்டு வருடம் இந்த வீட்டில் இருந்த அம்மாவுக்கும் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

முறைப்படி மொழிபெயர்ப்பு வேறு ஆளிடம் வாங்கி வக்கீலுக்குக் கொடுத்தோம், பட்டாவோடு அளவு ஒத்துப்போனது, வேலை நகர்ந்தது.

மீதி சாமான்களை அம்மாவோடு உட்கார்ந்து ஒழித்தேன். மூன்று நாளில் முடிக்க நினைத்ததற்குப் பதினெட்டு நாள் ஆனது, ஆகட்டும். நான் பயந்தபடி அவள் எதையும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. பெரிய உருளியைக் கையில் தூக்கிப் பார்த்து, "இத யாரு தேய்ப்பா, குடுத்துரு" என்றாள். புனலூர்ப் பக்கமிருந்து வந்த பழைய சாமான் வியாபாரி உருளியையும் இரண்டு அண்டாவையும் எடைக்கு மேலேயே விலை கொடுத்து எடுத்துக்கொண்டார். ஆட்டுக்கல்லை வாங்க ஆள் இல்லை, மதினி வீட்டுப் புறவாசலுக்குப் போனது. பலா மரக் கட்டில் தம்பிக்கு. நான் கொண்டுபோகலாம் என்று எடுத்து வைத்த பதினாறு எவர்சில்வர் தட்டில் அம்மா ஆறைத்தான் விட்டாள். அவள் கேட்டு வாங்கியது ஒரு மரநாழி, அஞ்சறைப்பெட்டி, அப்பாவின் வெற்றிலைச் செல்லம். இவ்வளவுதான். நான் முதலில் தூக்கிப்போட்டதில் என்னென்ன இருந்தது என்று அவள் இதுவரை கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம். பத்திரத்தில் அரசின் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு பார்ட்டி கேட்டார். அவருக்கு அது லாபம்தான், தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், வாங்குகிறவர் கட்டுவது. ஆனால் வீட்டுக் கிரயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது, அட்வான்ஸும் அதில் அடக்கம். அதோடு விற்ற லாபத்தில் இரண்டு வருடத்துக்குள் இன்னொரு வீடு வாங்கினால் அந்த அளவுக்கு வரி விலக்கு உண்டு, அந்தக் கணக்குக்குப் பணம் பேங்க் வழியாக வந்திருந்தால்தான் தைரியமாகக் காட்ட முடியும். கேரளத்தில் வாங்கும்போது நாங்கள் கட்ட வேண்டியது 8-ம் 2-ம், மொத்தம் 10 சதவீதம். அதையும் எண்ணித்தான் விலை பேசினோம். ரொக்கம் கேட்டவரை வேண்டாம் என்று அனுப்பியதில் ஒரு மாதம் தள்ளிப்போனது, வருத்தம் இல்லை.

கிரயம் முடிந்தால் மூலப் பத்திரம் வாங்கினவர் கைக்குப் போய்விடும். நான் ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டேன். அம்மாவுக்கு அது போதவில்லை. ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போவதற்கு முந்தின ராத்திரி, சின்னவளின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கேட்டு வாங்கினாள். சாமான் போன பட்டாசலில் பேச்சு எதிரொலித்தது, அதனால் எல்லோரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். ஐம்பது வருடத்துக்கு மேல் எழுதாத எழுத்தில், சங்கு முத்திரையிலிருந்து ஆரம்பித்து முழுப் பத்திரத்தையும் பார்த்து எழுதினாள். பொரிந்துபோன ஓரத்தில் ஒரு சொல் பிடிபடவில்லை. அந்த அளவுக்கு இடம் விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.