ஐப்பசி மழைக்கு முன்னால் மாடித்தோட்டம்: கோகோபீட் வாங்கிப் பட்ட பாடு

தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டைமாடியில் 26 பைகள் வைத்திருக்கிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் பாதிக்குப் பாதி போய்விட்டது. நம் ஊர்க் குளிர் செடியை ஒன்றும் செய்யாது. பைக்குள் தண்ணீர் தேங்கி, வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகியதுதான். அதனால் இப்போதெல்லாம் ஆயுத பூஜை முடிந்த கையோடு வேலையைத் தொடங்கிவிடுகிறேன். இந்த முறை அப்படித் தொடங்கியும் பத்து நாள் வீணாகப் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

பைகளின் அடித்துளைகளைக் கம்பியால் குத்தி அடைப்பு எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு செங்கல் கொடுத்து, டிரம்மில் உள்ள முருங்கையைக் கழித்தேன். எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தது.

அப்புறம் முள்ளங்கி, நூக்கோல் போட எட்டுப் பைகளுக்கு, தேங்காய் நார்த்தூளை அழுத்திச் செய்த 5 கிலோ கோகோபீட் கட்டி இரண்டு வாங்கினேன். "கழுவினதுதானே தம்பி?" என்று கேட்டேன். "ஆமாக்கா, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரர். ஊறவைத்த தண்ணீர் டிகாக்‌ஷன் மாதிரி இறங்கியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நட்ட பன்னிரண்டு நூக்கோல் நாற்றும் நாலே நாளில் இலை ஓரம் கருகிவிட்டது. உப்பு! தேங்காய் மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போடும் இடங்களிலிருந்து வரும் நார்க்கழிவை நன்றாக அலசாவிட்டால் இப்படித்தான் ஆகும். கட்டியின் கவரில் இசி (EC) அளவு, அதாவது எவ்வளவு உப்பு இருக்கிறது என்று காட்டும் எண், போட்டிருக்கிறதா, அது 1-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். என் கவரில் அந்த வரியே இல்லை. திரும்பக் கொண்டுபோனால், "நனைச்சாச்சேக்கா, எடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். ஆட்டோவுக்குக் காசு செலவானதுதான் மிச்சம்.

சரி, நாமே அலசுவோம் என்று நாற்றையெல்லாம் பிடுங்கிவிட்டு, மூன்று முறை போர் தண்ணீரில் அலசினேன். எங்கள் பக்கம் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. உப்பை உப்பாலேயே கழுவியிருக்கிறேன் என்பது மாலையில்தான் உறைத்தது. மெட்ரோ தண்ணீர் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் தார்ப்பாயில் பரப்பி வைத்தேன்.

அன்று ராத்திரியே மழை கொட்டியது. காலை ஆறு மணிக்குக் கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா குரல்: "ஏம்மா, மேல என்ன வெச்சிருக்க? ஹால் சுவரெல்லாம் ஓதம் ஏறுதும்மா!" ஓடிப் போய்ப் பார்த்தால் மாடியில் கணுக்கால் அளவு தண்ணீர். மிதந்து போன நார் மொத்தமும் மழைத்தண்ணீர்க் குழாயின் வாயில் போய் அடைத்திருந்தது. கையை விட்டு இழுத்ததும் தண்ணீர் பத்தே நிமிடத்தில் வடிந்தது. ஆனால் தோட்டமே வேண்டாம் என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று எனக்கு வயிறு கலங்கிவிட்டது. சுவருக்கு வெள்ளை அடித்துத் தருகிறேன் என்று சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன். இப்போது குழாய் வாயில் பிளாஸ்டிக் வலையை வளைத்துக் கட்டியிருக்கிறேன். தினமும் காலையில் அதில் சேரும் இலையை அள்ளுகிறேன். மழைக்கு முன்னால் உங்கள் மாடியில் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்தக் குழாயைப் பார்த்துவிடுங்கள்.

ஒரு நல்லதும் நடந்தது. தார்ப்பாயில் மிஞ்சிய நாரை மழையே அலசிக் கொடுத்துவிட்டது. அதில் மட்கிய சாண உரமும் ஆற்று மணலும் கலந்து முள்ளங்கி விதைத்தேன். நாலாம் நாள் அத்தனையும் முளைத்துவிட்டது! அன்று மாடியை விட்டு இறங்கவே மனமில்லை.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைத்து வேரில் ஊற்றியிருக்கிறேன். அது வேரழுகல் வராமல் காக்கும் உயிருள்ள பாக்டீரியா. தாமிர மருந்தை அதோடு சேர்த்து ஊற்றினால் செத்துப்போகும். வேப்பெண்ணெயை மழை விட்ட நாளில்தான் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். புயல் என்று அறிவிப்பு வந்தால் நிழலுக்குக் கட்டிய பச்சை வலையை முதலில் அவிழ்த்துச் சுருட்டிவிடுங்கள். காற்றில் அது கம்பத்தையும் சேர்த்துப் பிடுங்கும்.

மல்லிகைச் செடியை மட்டும் இன்னும் தொடவில்லை. நவம்பர் கடைசி வாரத்தில் ஒன்றரை அடி விட்டு வெட்டினால்தான் மார்ச்சில் நன்றாகப் பூக்கும். முதல் முழம் வீட்டுக்கார அம்மாவுக்கு என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன்.