இரண்டு தரவு மையங்களுக்கு இடையே பேரிடர் மீட்பு வலையமைப்பை நிறுவிய அனுபவம்

முதன்மை மையம் செயலிழந்தால் கைகொடுக்க, மெய்நிகர் சர்வர்களின் நகலை மாற்று மையத்தில் வைத்திருப்பது கடினமான பணியன்று. அதை ஏற்பாடு செய்யும் மென்பொருள்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. அந்த நகல்கள் அங்கே இயங்கத் தொடங்கியதும் எந்த ஐபி முகவரியில் இயங்கும், பயனாளர்களின் கோரிக்கை எந்த வழியாக அவற்றை வந்தடையும் என்பதை முடிவு செய்வதில்தான் எங்கள் உழைப்பின் பெரும்பகுதி சென்றது.

முகவரிகளை மாற்றினால், பழைய செயலிகள் பலவற்றில் நேரடியாக எழுதப்பட்டிருந்த ஐபி எண்களைத் தேடித் திருத்த வேண்டியிருக்கும். ஆகவே அதே சப்நெட்டுகளை (ஐபி முகவரித் தொகுதிகளை) மாற்று மையத்திலும் முன்கூட்டியே உருவாக்கி மூடி வைத்தோம். பேரிடர் அறிவிக்கப்பட்ட பிறகே அவற்றை, எந்த முகவரிக்கு எந்த வழி என்று ரௌட்டர்கள் ஒன்றுக்கொன்று தெரிவிக்கும் பிஜிபி நெறிமுறை வழியாக அங்கிருந்து அறிவிப்பது என்று வகுத்தோம். இதைத் தானியங்கியாக்கலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. மையங்களுக்கு இடையிலான இணைப்பு மட்டும் அறுந்தால்கூட இரு பக்கமும் தானே முதன்மை என்று இயங்கத் தொடங்கிவிடும். பிறகு எந்தத் தரவு சரியானது என்று பிரித்தெடுப்பது பெரும்பாடு.

ஒரு கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் சர்வர் குழு) மட்டும் இரு மையங்களிலும் ஒரே சப்நெட்டில் இருந்தாக வேண்டும் என்பதால், அதற்கு மட்டும், ஒரு சப்நெட்டை மற்றொரு வலையமைப்பின் மேல் நீட்டிக்கும் விஎக்ஸ்லேன் அமைத்தோம். பிங் (தொடர்பைச் சோதிக்கும் பாக்கெட்) சென்றது, லாகின் ஆனது, ஆனால் பெரிய கோப்பை நகலெடுத்தால் பாதியில் நின்றது. விஎக்ஸ்லேன் ஒவ்வொரு பாக்கெட்டோடும் 50 பைட் சேர்ப்பதால், 1500 பைட் பாக்கெட் வெளியே வரும்போது 1550 ஆகிவிடுகிறது. துண்டாக்கக் கூடாது என்ற குறியீட்டுடன் 1422 பைட் பிங் அனுப்பினால் பதில் வந்தது. 1472 அனுப்பினால் வரவில்லை. பிங்கின் தலைப்புகளுக்கான 28 பைட்டும் விஎக்ஸ்லேனின் 50 பைட்டும் சேர்ந்தால் முதலாவது 1500, இரண்டாவது 1550. அந்த இரு எண்களே, வழியில் எங்கோ எம்டியூ (ஒரு பாக்கெட்டுக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவு) இன்னும் 1500 ஆகவே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தன. இணைப்பு வழங்கிய நிறுவனம் முதலில் மறுத்தாலும், இடையிலிருந்த ஒரு சுவிட்சில் அதை உயர்த்திய பின் நகலெடுப்பு தடையின்றி முடிந்தது.

ஒத்திகைக்கென வெளித்தொடர்பே இல்லாத தனி மெய்நிகர் வலையமைப்பு ஒன்றை அமைத்தோம். நகல்களும் அசல் சர்வர்களின் முகவரிகளையே கொண்டிருப்பதால், அவை தவறியும் நடைமுறை வலையமைப்பில் இணைந்துவிடக் கூடாது. ஆயினும் வெறும் தனிமை போதாது: அதற்குள் பெயர்களை ஐபி முகவரிகளாக மாற்றும் டிஎன்எஸ், பயனாளர் உள்நுழைவைச் சரிபார்க்கும் சர்வர் ஆகியவற்றின் நகல்கள் முதலில் எழுந்தாலன்றிச் செயலிகள் திறக்கவே மாட்டா. சர்வர்களை எழுப்பும் வரிசை ஒத்திகைக்குப் பின் எங்கள் ஆவணத்தில் முற்றிலும் மாறியது.

முதன்மை மையத்துக்குத் திரும்பும் படிநிலையையும் அதே ஆவணத்தில் எழுதினோம்: தரவு எதிர்த்திசையில் ஒத்திசைந்ததும், மாற்று மையத்துச் சர்வர்களை நிறுத்தி, அங்கிருந்து செல்லும் பிஜிபி அறிவிப்பை விலக்கிய பிறகே முதன்மை மையத்தின் சப்நெட்டுகள் திறக்கப்பட வேண்டும்.